நான் படிக்காத நான்கு வரி

"அவ்வளவுதானா?" என்று அந்த அம்மா கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். கடிதத்தில் இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. ஒன்றரை வருடம் ஆகிறது, மனசு ஆறவில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருப்பவர். அவருக்கு அப்போது தொண்ணூற்றைந்து வயது. பார்வை அநேகமாகப் போய்விட்டது. அயர்லாந்தில் மேயோ பக்கத்துக் கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, அது நிறைய பாஸ்டனிலிருந்து அவருடைய சித்தி எழுதிய கடிதங்கள். வீட்டு வேலைக்கென்று இளம் வயதிலேயே கப்பலேறிய சித்தி. அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்கள். முதலில் போனவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அடுத்த தங்கைக்குக் கப்பல் டிக்கெட் அனுப்புவாள். கிறிஸ்துமஸை ஒட்டி டாலர் வைத்து வரும் உறைக்கு 'அமெரிக்கக் கடிதம்' என்றே பெயர். வாடகையும் கடைப்பாக்கியும் அதை நம்பித்தான் இருந்தன. பாட்டி ஐரிஷ் மொழி மட்டும் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி வாத்தியார் வந்து அடுப்பருகே உட்கார்ந்து கடிதத்தை வாசித்து, ஐரிஷில் சொல்லிப் போவாராம். "நல்லாப் படிப்பார்" என்று அந்த அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: இந்தச் சில வரிகள் உங்களை நல்ல சுகத்தோடு காணட்டும், கடவுள் புண்ணியத்தில் நானும் அப்படியே இருக்கிறேன். நம்முடைய 'நலம், நலமறிய ஆவல்' போலத்தான். அதனால் எனக்கு அவை சீக்கிரம் பழகிவிட்டன. கால்வே பல்கலைக்கழகம் 2024இல் இணையத்தில் போட்ட, வரலாற்றாசிரியர் கெர்பி மில்லர் பல பத்தாண்டுகள் தேடிச் சேர்த்த, இப்படிக் கப்பலேறியவர்களின் கடிதங்களையும் பிறகு புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 7,000. வெவ்வேறு ஊர், வெவ்வேறு நூற்றாண்டு, ஆனாலும் திரும்பத் திரும்ப அதே தொடக்கம். நலம் விசாரித்து முடித்ததும் பணப் பேச்சு.

நான் விட்டுப் படித்த கடிதம் 1938இல் வந்தது. தாளின் அடிப்பகுதி இரண்டு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பு பழுப்பேறி, ஓரத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. பிரித்தேன். நாலு மாதமாக வேலை இல்லை, வாடகை அறையில் இருக்கிறேன், யாரும் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சின்னவள் கையெழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் இனி அவளை வைத்துப் பணம் கேட்டு எழுத வேண்டாம் என்றிருந்தது.

சின்னவள் என் எதிரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். பத்து வயதில் பாட்டி சொல்லச் சொல்ல எழுதியது அவர்தான்.

மாலையில் அவரைக் கலங்கவைக்கும் எதுவும் வேண்டாம் என்று பொறுப்பு நர்ஸ் ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் சொல்வார். இருட்டினால் அழுவார், இரவு முழுக்கத் தூங்கமாட்டார். நான் அதைத்தான் செய்தேன். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் கடிதம் அவருடையது. படிக்கச் சொன்னவரும் அவர். அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று முடிவு கட்ட நான் யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று காலை ஊரிலிருந்து தம்பி அனுப்பிய செய்தி என் போனில் இருந்தது. அக்கா, இந்த மாசம் கொஞ்சம் சேர்த்து அனுப்ப முடியுமா. முதல் வரியே அதுதான், எப்படி இருக்கே என்று ஒரு சொல் இல்லை. நான் பதில் போடவில்லை. அந்த நான்கு வரியை வாய்விட்டுப் படித்திருந்தால் என் குரல் உடைந்திருக்கும். அப்படியானால் அவருக்காக விட்டேனா, எனக்காக விட்டேனா? அவருக்காகத்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அது பொய்யாகப் படுகிறது.

"அவ்வளவுதான்" என்று சொன்னதும் அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். நான் அதற்குள் அடியைப் பழையபடி மடித்திருந்தேன். அவர் கட்டைவிரல் அந்த மடிப்பின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் போனது. அப்புறம் சொன்னார்: "நல்லாப் படிக்கிறே. எங்க வாத்தியார் மாதிரி."

இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வாத்தியாரும் சில இடங்களைத் தாண்டிப் போவார் என்று சொன்னாரா, வெறும் பாராட்டா? அந்தத் தாளை முதலில் மடித்தது யார்? பாட்டிக்கு எழுத்து தெரியாது, மடித்திருக்க வழியில்லை. வாத்தியாராக இருக்கலாம். அல்லது, எழுத்துக் கூட்டத் தெரிந்த பத்து வயதுப் பெண் தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து மடித்தாளா? அப்படியென்றால் "அவ்வளவுதானா" என்று ஏன் என்னிடம் கேட்டார்? ஒருவேளை இத்தனை வருடம் கழித்து இன்னொருவர் குரலில் அதைக் கேட்க நினைத்திருக்கலாம். கேட்டுவிடுவேன் என்று இரண்டு முறை அறை வாசல்வரை போனேன். கேட்கவில்லை.

தம்பிக்கு அன்று இரவே பணம் அனுப்பினேன். எப்படி இருக்கே என்று நானும் கேட்கவில்லை.

இன்னமும் வாரத்துக்கு ஒரு நாள் டப்பாவைத் திறக்கச் சொல்கிறார். அந்தக் கடிதம் கைக்கு வந்தால் அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். அவரும் ஒன்றும் சொல்வதில்லை.