பனியன் பஞ்சும் பழைய லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப்பும்

திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங்குக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். கையிலிருப்பது 2012 வாக்கில் வந்த மூன்றாம் தலைமுறை ஐ5 லேப்டாப். பிராசஸருக்குள்ளேயே இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ் உண்டு. அது போக, தனி கிராஃபிக்ஸ் சிப் ஒன்றும் மதர்போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டியிருக்கிறது. டெஸ்க்டாப் கார்டைப் போலக் கழற்றி மாட்ட வழியில்லை. போனது அந்தத் தனிச் சிப்.

போட்டோஷாப்பில் பெரிய ஃபைலை ஜூம் செய்தால் பச்சையும் ரோஸுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெறிக்கும். திரை ஒரு நொடி கருப்பாகும். டிஸ்ப்ளே டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) நின்று மறுபடி வந்துவிட்டது என்று மூலையில் செய்தி வரும். போகப் போக அந்தச் செய்திகூட இல்லை, நேராக நீலத் திரைதான். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று நிற்கும்.

பார்த்தவர்கள் எல்லாரும் பேனல் போச்சு என்றார்கள். பேனலுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் எச்டிஎம்ஐ வயரில் வீட்டு டிவியை மாட்டிப் பார்த்தேன். டிவியிலும் அதே கட்டங்கள். மூடியை முன்னும் பின்னும் அசைத்தும் மாற்றமில்லை. ஆக, பேனலும் இல்லை, கேபிளும் இல்லை.

அடுத்துத்தான் குழப்பம். ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரை சுத்தமாக வந்தது, அடிப்படை டிரைவர் மட்டும் ஓடும் சேஃப் மோடும் சுத்தம். அப்படியானால் சிப் நல்லாத்தான் இருக்கிறது, டிரைவர்தான் கோளாறு என்று தோன்றும். ஆனால் இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள இந்த மாதிரி லேப்டாப்பில் பயாஸ் திரையை வரைவது பெரும்பாலும் இன்டெல் பக்கம். தனிச் சிப் அப்போது வேலைக்கே வருவதில்லை. அதனால் பயாஸ் சுத்தமாக இருப்பதை வைத்துச் சிப்புக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரை வேரோடு எடுத்துவிட்டு, லேப்டாப் கம்பெனி கொடுத்த பழைய டிரைவரையே போட்டேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43; சிப் கோளாறு காட்டியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். கடைசியாக உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்து, அது எழுதும் பதிவான கர்னல் லாகைப் பார்த்தேன். 'ரிங் டெஸ்ட் ஃபெயில்டு' என்று அங்கேயும் இருந்தது. விண்டோஸே இல்லாத இடத்திலும் சிப் பதில் சொல்லவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்ல இனி இடமில்லை.

பின்மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சு, சாம்பல் நிறக் கம்பளத் துண்டு மாதிரி அப்படியே உரிந்து வந்தது. கட்டிங்கும் ஓவர்லாக்கும் ஓடுகிற கட்டடத்தில் மாடியில் உட்கார்ந்து வேலை செய்தால் இதுதான் நடக்கும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டி லேப்டாப் வைத்திருப்பவர்களும் கட்டாயம் திறந்து பாருங்கள். காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; சுழல விட்டால் பேரிங் போகும். சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தது; அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதுசு வைத்தேன். மெமரி சிப்களின் மேல் இருக்கும் ரப்பர் பேடுக்குப் பதிலாகப் பேஸ்ட் தடவக் கூடாது. அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டிய பிராசஸர் சூடு ஐம்பதுகளுக்கு இறங்கியது. கோட் 43 மட்டும் அப்படியே நின்றது.

கோவை காந்திபுரத்தில் சிப் வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். நேர்மையான மனுஷன்.

"சூடு காட்டுனா எந்திரிச்சுக்கும்ங்ணா. எத்தன நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"புதுச் சிப்பே போட்டா?"

"புதுசுன்னு சொல்லி வர்றதுல நெறையப் பழைய போர்டுல கழட்டுனதுங்ணா."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.   பல சமயம் விரிசல் விடுவது நாம் நினைக்கிற, சிப்பைப் போர்டோடு ஒட்டும் அடிப்பக்கச் சால்டர் உருண்டைகளே இல்லை. சிப்பின் உள்ளே சிலிக்கானுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய புள்ளிகள். சூடு பட்டால் அவை விரிந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொள்ளும், பிறகு மறுபடி விலகும். 2008-ல் என்விடியா தன் சில லேப்டாப் சிப்களில் பேக்கேஜிங் பொருள் பலவீனம் என்று அறிவித்து 19.6 கோடி டாலர் ஒதுக்கியதும் இந்த வகைக் கோளாறுக்குத்தான். சூடு காட்டும் ஹீட் கன் வேலைக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பயாஸில் ஸ்விட்சபிள் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் தனிச் சிப்பை அணைத்து, இன்டெல் மட்டும் என்று வைத்துவிட்டேன். டிவைஸ் மேனேஜரிலிருந்தே அந்தச் சிப்பின் பெயர் காணாமல் போனது. போட்டோஷாப்பில் பர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் பிராசஸர் டிக்கை எடுத்தேன். பிரிண்டிங்குக்கு நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கலர் செபரேஷன் வேலை முழுக்க ஓடுகிறது, நீலத் திரை வரவே இல்லை. ஜூம் கொஞ்சம் இழுக்கும். 3டி மாக்கப் ஓடாது. அதற்கு வேறு சிஸ்டம்தான் வேண்டும்.

பயாஸில் அந்த வசதி இல்லாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்யலாம். ஆனால் சிப்புக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கலாம். சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் தனிச் சிப்போடு இணைந்திருக்கும். அணைத்தால் டிவி வராது. பிராசஸருக்குள் கிராஃபிக்ஸே இல்லாத மாடல் என்றால் இந்த வழி செல்லாது. அதற்குச் சந்தையில் கிடைக்கிற பழைய போர்டும் இதே வயசுதான். நானாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டேட்டாவை எடுத்துக்கொண்டு, அந்தப் பணத்தை வேறு லேப்டாப்பில் போடுவேன்.