ஓடிபி கேட்காமல் போன பத்தாயிரம்

அம்மாவுக்கு யாரும் போன் செய்து ஏமாற்றவில்லை. எந்த லிங்க்கையும் அவர் தொடவில்லை. ஏடிஎம் கார்டே கிடையாது. ஆனாலும் 2024-இல் ஒரு நாள் அவருடைய குடும்ப ஓய்வூதியக் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. அதில் 'ஏஇபிஎஸ்' என்று இருந்தது. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றை வைத்துக் கடைகளில் உள்ள சின்ன மெஷினில் பணம் எடுக்கும் முறை அது. ஓடிபி, பின் நம்பர் எதுவும் தேவையில்லை.

ரேகை எப்படி வெளியே போகும் என்று கேட்பவர்களுக்கு: பத்திரப் பதிவில் நாம் வைக்கும் ரேகையே போதும். 2023-இல் பெங்களூருவில் பதிவான பத்திரங்களின் நகலிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்துப் பணம் எடுத்த கும்பலைப் போலீஸ் பிடித்தது.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் எல்லாம் கேட்பார்கள்; எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. திருடிய பணம் வேறொரு கணக்குக்குப் போயிருந்தால் அங்கேயே முடக்க இந்த அழைப்புதான் வழி. எங்கள் பணம் ரொக்கமாகவே போய்விட்டது. ஆனாலும் அப்போது தந்த புகார் எண்ணைத்தான் பிறகு எல்லா இடத்திலும் கேட்டார்கள். அதை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் விவரங்களைப் பதிந்தேன்.

அப்புறம் வங்கி. "ரேகை வெச்சுத்தானே எடுத்திருக்கு? வீட்டுல யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க, நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார் அதிகாரி. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாத மோசடியில், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதையெல்லாம் குறிப்பிட்டு எழுதிய புகாரைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினேன். "வாங்கிக்கிட்டோம், போங்க" என்றார்கள். முத்திரை விழும்வரை நாங்கள் நகரவில்லை.

உதவியது இன்னொன்று. ஆதார் தளத்தில் அங்கீகார வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. கடந்த 6 மாதங்களில் நம் ஆதாரை எப்போது, எந்த நிறுவனம் வழியாக, ஓடிபியாலா ரேகையாலா சரிபார்த்தார்கள் என்று அதில் தெரியும். அம்மாவின் ரேகை பதிவானதாக அது காட்டிய அதே நேரத்தில் அம்மா கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். மருந்துக்கடை பில்லில் மணி, நிமிடம் வரை அச்சாகியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் நகலெடுத்துப் புகாரோடு இணைத்தேன்.

வங்கியிலிருந்து பதிலே இல்லை. 30 நாள் தாண்டியதும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் புகார் போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். அந்த முத்திரை இங்கேதான் கைகொடுத்தது. அதுவரை வாய் திறக்காத கிளையிலிருந்து போன் வந்தது, விளக்கம் கேட்டார்கள், கொஞ்ச நாளில் முழுத் தொகையும் கணக்கில் ஏறியது.

இதற்கு நடுவிலேயே எம்ஆதார் செயலியில் அம்மாவின் பயோமெட்ரிக்கை, அதாவது ரேகை, கருவிழிப் பதிவுகளை, பூட்டிவிட்டேன். ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். நம்பர் இணைக்கவில்லை என்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் இணைக்க வேண்டும். ஏஇபிஎஸ் வசதியே வேண்டாம் என்று வங்கிக்கும் தனியாக எழுதிக் கொடுத்தோம். பூட்டிய பிறகு ரேகை எங்கேயும் ஏற்காது என்பதால் ரேஷனுக்கு இப்போது அண்ணன் போகிறான். நவம்பரில் ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று கொடுக்கும்போது மட்டும், மெஷின் முன்னால் உட்கார்ந்த பிறகு தற்காலிகமாகத் திறந்துகொள்கிறோம்.