துணிக்கு அடியில் ஒரு கடுகு

என் பில்லியர்ட்ஸ் (pool) மேசையில் 7 வருடங்களாக ஓர் இடம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. நடுப் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மெதுவாக உருண்டு வரும் பந்து அங்கே வந்ததும் லேசாக இடதுபக்கம் ஒதுங்கும். வேகமாக அடித்தால் ஒன்றும் தெரியாது. விளையாட வருபவர்கள் மேசை சாய்ந்திருக்கிறது என்பார்கள். ரசமட்டம் வைத்துக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். போன முறை துணி மாற்றியபோது அதன் அடியில் தளமாக இருக்கும் கல்லைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அவசரப்பட்டு மூடியவன் நான்தான்.

இந்த முறை கல்லுக்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்கினேன். தம்பியையும் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

மேசை ஓரத்துக் குஷன் கட்டைகளைக் கழற்றி, ஸ்டேப்பிள் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பழைய துணியைச் சுருட்டினோம். அடியில் நீலச் சாம்பல் தூவியதுபோல் சாக் தூள், பந்தை அடிக்கும் கோலின் நுனியில் தேய்ப்பது. பெயர்தான் சாக், சுண்ணாம்புக்கும் அதற்கும் இன்று சம்பந்தமில்லை. 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது அது. சிலிகாவும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்தது. உப்புத்தாளில் இருக்கிறதே, அதே அலுமினியம் ஆக்சைடுதான். துணிக்கு அடியில் அதை விட்டுவைத்தால் உள்ளிருந்தே துணியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

தம்பி துடைப்பத்தை எடுத்தான், பிடுங்கி வைத்தேன். பெருக்கினால் தூள் கற்களின் இணைப்புகளிலும் திருகுக் குழிகளிலும் போய் அடையும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதுதான் சரி. வாளித் தண்ணீரும் ஆகாது. கல்லின் அடியில், ஸ்டேப்பிள் அடிப்பதற்கென்று மரச்சட்டம் இருக்கிறது. ஈரம் இறங்கினால் அது ஊதிக்கொள்ளும். கடைசியில் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தோம். அவ்வளவுதான் ஈரம்.

பசைதான் உயிரை வாங்கியது. பாக்கெட் வாய்களின் ஓரத்தில் பழைய பசை மஞ்சளாக, நகத்துக்கு அசையாமல் உறைந்திருந்தது. பிளேடைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் பிளேடின் மூலை கல்லில் கோடு கிழித்துவிடும். அதனால் மூலைகள் இரண்டையும் முன்கூட்டியே தேய்த்து மழுக்கியிருந்தேன். அதற்கும் மசியாத இடத்தில் கொஞ்சம் அசிட்டோன். கல்லில் ஊற்றாமல் துணியில் நனைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துத் துடைத்தேன். அந்த வாசனை முழுவதும் போகும்வரை நெருப்பை அறைக்குள் கொண்டுவரவில்லை.

"அண்ணா, போதும். எப்படியும் துணி மூடிவிடப் போகிறது" என்றான் தம்பி. 7 வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேல் விளக்கை அணைத்தேன். டார்ச் லைட்டைக் கல்லின் மேல் படுக்கவைத்தேன். சமதளம் என்று நினைத்திருந்த இடத்தில் நடுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நிழல். அதன் தலைப்பில், அரைக் கடுகு அளவில் ஒரு பசைத் துளி. பிளேடை வைத்து அழுத்தியதும் 'டிக்' என்று தெறித்தது. தம்பி அதைத் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டான். இதற்காகவா இத்தனை நாள் என்னோடு சண்டை போட்டாய் என்று கேட்டான். பதில் சொல்லவில்லை.

பிறகு நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு கல் முழுவதும் தடவினேன். கண்ணுக்கும் விரலுக்கும் தப்பும் பிசிறில்கூட நைலான் இழை மாட்டிக்கொள்ளும். தம்பி சிரித்தான். அவனே தடவிப் பார்த்து இரண்டு பிசிறுகளைக் கண்டுபிடித்த பிறகு காலுறையைத் திருப்பித் தரவே இல்லை.

மிச்சம், இணைப்புகள். என் மேசையில் மூன்று கற்கள், அதாவது இரண்டு இணைப்புகள். பழைய தேன்மெழுகு சுருங்கி அங்கங்கே பெயர்ந்திருந்தது. முதலில் ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தேன். மெழுகு ஊற்றிய பிறகு கல்லை அசைத்தால் மெழுகு விரிசல் விடும். கேஸ் டார்ச்சால் கல்லை இளஞ்சூடாக்கி, மெழுகை உருக்கி இணைப்பில் நிரப்பினேன். முழுவதும் ஆறுவதற்குள் சீவிவிட வேண்டும். ஆறிவிட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். இணைப்பின் நீளவாக்கில் சீவினால் பிளேடு உள்ளே இறங்கி மெழுகைத் தோண்டிவிடும் என்பதால் குறுக்காகவே சீவினேன்.

இருட்டிய பிறகு, வெறும் கல்லில் ஒரு பந்தை மெதுவாக உருட்டினேன். துணி இல்லாத கல்லில் அது மாவரைப்பதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போகும். அந்தப் பழைய இடத்தைக் கோடு போட்டதுபோல் நேராகக் கடந்தது. இரண்டாவது இணைப்பைத் தாண்டும்போது மட்டும் ஒரு சின்ன 'டக்'.

தம்பி என்னைப் பார்த்தான். நான் கேஸ் டார்ச்சை மறுபடி எடுத்தேன்.