மூணு பேரும் ஒரே ஜில்லா

கார் வாங்கப் போன இடத்தில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பளபளவென்று டைல்ஸ் போட்ட ஷோரூம். குளுகுளு ஏசி, மூலையில் காபி மெஷின், நடுவில் மூக்கின்மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய வெள்ளைக் கார். அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், சேலைக் கொசுவத்தை முழங்கால் இடுக்கில் சொருகிக்கொண்டு, உத்திரமேரூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற அதே தோரணையில் அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டயரைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கென்றது. அந்த விற்பனைத் தம்பி ஓடிவந்து, விழுந்துவிட்டார்களோ என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான்.

"விடுப்பா, படிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆறு வருஷமாக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறை, வேலை துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு. இத்தனை நாள் ஓட்டிய பழைய கார் ஜனவரியில் நெடுஞ்சாலை நடுவில் நின்றது, நின்றேவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா ஊரிலிருந்து மூன்று மாதம் என்னோடு இருக்க வந்திருந்தாள். கார் வாங்க அவளையும் கூட்டிப்போகலாம் என்றது வீட்டுக்கார ஆன்ட்டிதான். காரணம், அதற்கு முந்தின சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டில் நடந்த சம்பவம். (சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் சந்தைதான். பெயரைக் கேட்டு டாக்காவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.) ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாமல், விரலை மட்டும் காட்டிப் பேசி, ஒரு பெட்டி தக்காளியை அம்மா பாதி விலைக்கு வாங்கிவிட்டாள். கடைக்காரர் கடைசியில் ஒரு கட்டு கறிவேப்பிலையும் இலவசமாகப் போட்டார். ஆன்ட்டி வாயடைத்துப் போய் என்னிடம், "இவங்கள வீட்டுல விட்டுட்டு நீ மட்டும் போனா உன்னை மாதிரி முட்டாள் யாரும் இல்ல" என்றார்.

நானும் சும்மா இல்லை. நாலு நாள் உட்கார்ந்து எக்செல் போட்டேன். மூன்று ஷோரூமில் விலை கேட்டேன். என் வங்கியிடம் முன்கூட்டியே கடனுக்கு விண்ணப்பித்து, 11.5 சதவீத வட்டிக்குக் கடிதமும் வாங்கி வைத்துக்கொண்டேன். அது 2025 பிப்ரவரி, பிரைம் வட்டி (இங்கே வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி) 11 சதவீதமாக இருந்த நேரம். என்ன பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரே ஒரு உத்தரவு: "நீ வாயைத் திறக்காதே."

உள்ளே நுழைந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "உங்க ஊரு எது தம்பி?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டாள். நம்மூர்ப் பெயர்தான், எழுத்துக் கூட்டல் மட்டும் இங்கத்தியது. அவனுக்குத் தமிழ் என்றால் தண்ணி, சோறு, வாங்க, அப்புறம் ஆயா திட்டிய நாலைந்து வார்த்தைகள். மற்றதெல்லாம் இங்கிலீஷ். நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன்.

"சாட்ஸ்வொர்த்."

"அதுக்கு முன்னாடி?"

"தாத்தா டவுன் பக்கம் இருந்தாராம், ஆன்ட்டி."

"அதுக்கு முன்னாடி?"

அவன் போனை எடுத்தான். ஒரு படத்தைத் தேடிக் காட்டினான். பழைய பழுப்புத் தாள், கப்பல் பட்டியல். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர், அப்பா பெயர், வயசு, கிராமம், ஜில்லா எல்லாம் இப்படி வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு எண். அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா இருந்த வரியில் கிராமத்தின் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி கிறுக்கியிருந்தார், எந்த ஊர் என்று சாமிக்கே தெரியாது. ஆனால் ஜில்லா தெளிவாக இருந்தது. செங்கல்பட்டு.

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். உத்திரமேரூரும் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாதானே.

என் எக்செல் அந்த நிமிஷமே செத்துவிட்டது. உறவுக்காரப் பையனிடம் பேரம் பேசலாமா? அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தைகள், அவன் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் பேச்சு ஓடியது. நான் "டிஸ்கவுன்ட்" என்று வாயெடுத்தால் அம்மா என்னைக் கிள்ளினாள். அவனோ சந்தடி சாக்கில் விலைத்தாளை என் பக்கம் தள்ளிவிட்டான். 2,79,900 ரேண்ட், வாட் 15 சதவீதமும் சேர்த்து. "இது கம்பெனி விலை, ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போது பார்த்து அவனே தலையைக் கொடுத்தான். இந்தக் கார் இந்தியாவில் செய்தது, சென்னைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கப்பலில் வருகிறது என்று பெருமையாகச் சொல்லி, கதவைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினான். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"அப்ப இதுவும் செங்கல்பட்டு ஜில்லாவா?"

"பழைய கணக்குப்படி ஆமாம்மா."

அம்மாவின் முகம் மாறியது. பட்டுச் சேலைக் கடையில், "இது நெசவாளி வீட்டுலயே இந்த விலைக்குக் கிடைக்குமே" என்று சொல்வதற்கு முன்னால் வரும் முகம் அது.

"எங்க ஊருல செஞ்ச சாமானை எங்களுக்கே விக்கிறே. கப்பல் கூலியை மட்டும் வாங்கிக்கோ தம்பி."

சொல்லிவிட்டு எழுந்துபோய் தரையில் உட்கார்ந்ததுதான் முதல் பத்தியில் நீங்கள் பார்த்தது. என் மாமா லாரி வைத்திருந்தவர். டயர் வாங்கப் போனால் பட்டன் எப்படி, பிராண்ட் என்ன என்றெல்லாம் கேட்க மாட்டார், முதலில் தேதியைத்தான் தேடுவார். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகள் இருக்கும் வரிசையின் கடைசியில், நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும்.

"3124" என்று படித்தாள். "போன வருஷம் முப்பத்தொண்ணாவது வாரம். ஆடி மாசம். இப்ப மாசி. ஆடியில செஞ்ச டயரு. வண்டி எத்தனை நாளா இங்க நிக்குதுன்னு கேளு."

கேட்டேன். தம்பி தொண்டையைச் செருமினான். கப்பலில் வந்ததே நவம்பரிலாம். அதற்கப்புறம் பின்பக்க யார்டில் வெயிலில் நின்றிருக்கிறது. "யாரும் பொறுக்காம விட்ட கத்தரிக்காய்க்கு நான் ஏன் புதுக் காய் விலை குடுக்கணும்?" என்றாள் அம்மா. நான் இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தவிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான். கத்தரிக்காய் அவனுக்குத் தெரிந்த வார்த்தை. மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வந்து, காரின் விலையைப் பற்றிப் பேசாமல், "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றான்.

எத்தனையோ பேர் விழுகிற பள்ளம் இது. எங்களை ஃபைனான்ஸ் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு மேடம், அன்பான குரல், நீள நகம். தாளில் கொட்டை எழுத்தில்: மாதம் 4,561 ரேண்ட். எனக்கே சபலம் தட்டியது. பரவாயில்லையே என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"மாசம் கிடக்கட்டும்டா. மொத்தம் எவ்வளவுன்னு கேளு" என்றாள் அம்மா.

மேடம் மறுபடியும் மாதத்தைச் சொன்னார். அம்மா மறுபடியும் மொத்தத்தைக் கேட்டாள். சீட்டுக் கம்பெனியில் இரண்டு தடவை ஏமாந்தவளிடம் மாதக் கணக்கு செல்லுபடியாகாது. கடைசியில் நானே போனை எடுத்துப் பெருக்கினேன். 72 மாதம், வட்டி 12.5. ஊருக்குப் போக வைத்திருந்த பணம் நீங்கலாகக் கையில் 30,000 முன்பணம். விலையோடு 'ஆன் தி ரோடு' கட்டணம் என்று 6,950. ஜன்னல் கண்ணாடிக்கு ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் (கண்ணாடியை உடைத்துத் திருடுவதைத் தடுக்க ஒட்டுவது), பெயின்ட் பூச்சு என்று 8,500. நான் அவற்றைக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் கடைசி மாதத்தில் பலூன் பேமென்ட் 83,970.

"பலூனா? அதை எதுக்குப்பா காருக்கு?"

விளக்கினேன். மாதத் தவணை சின்னதாகத் தெரிய வேண்டும் என்று கடனில் ஒரு பெரிய துண்டை ஒதுக்கிவைத்து, ஆறாவது வருஷ முடிவில் ஒரேயடியாகக் கேட்பார்கள், அதுவரைக்கும் அதற்கும் வட்டி ஓடும் என்றேன்.

"அதாவது ஆறு வருஷம் ஊதிட்டு நம்ம மூஞ்சில வெடிப்பாங்க."

முன்பணமும் சேர்த்து மொத்தம் வந்தது 4,42,362 ரேண்ட். போனை மேடத்தின் பக்கம் திருப்பிக் காட்டினேன். இன்ஷூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர், சட்டப்படி சொந்தமாக வேறு பாலிசி கொண்டுவரலாமே என்று நான் சொன்னதும் தாளைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார். என் வங்கியின் 11.5 கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன். எக்செல் செத்தாலும் இது ஒன்று உயிரோடு இருந்தது.

அம்மா எழுந்தாள். பேரத்தில் எழுந்திரிப்பது ஒரு கலை. பையை நிதானமாக எடுக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆனால் அவர்கள் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் நடக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. வாசல் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்துவிட்டோம். எனக்கு அழுகை வராத குறை. அந்த வெள்ளைக் காரின்மேல் எனக்கு ஆசை வந்திருந்தது, அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எழுத்தில் வாங்கிய கடன் கோட்டேஷன் இங்கே ஐந்து வேலை நாள் செல்லும். அதற்குள் அவர்கள் அந்த நிபந்தனைகளைக் கூட்ட முடியாது. நாங்கள் போனது 22ஆம் தேதி சனிக்கிழமை. 28 வெள்ளி, மாதக் கடைசி, விற்பனைக் கணக்கு முடியும் நாள். திங்கள் போனது, செவ்வாய் போனது. "ஃபோன் வரும்" என்று அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வியாழன் சாயங்காலம் தம்பியின் ஃபோன் வந்தது.

கார் 2,65,000. ஆன் தி ரோடு 3,500. ஃபிலிம் கிடையாது, பூச்சு கிடையாது, பலூன் கிடையாது. ஊருக்குப் போக வைத்திருந்ததையும் சேர்த்து 60,000 முன்பணம், என் வங்கியின் வட்டி, 60 மாதம். கடன் தொடங்கும் கட்டணம் 1,207.50, மாதச் சேவைக் கட்டணம் 69. இவை இரண்டும் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு, அதற்குமேல் போக முடியாது. மாதத் தவணை 4,681. முன்பு சொன்னதைவிட 120 ரேண்ட் அதிகம், அவ்வளவுதான். மொத்தம் 3,40,860. முன்பணத்தை இரட்டித்ததும் ஒரு வருஷம் குறைத்ததும் இதில் பெரிய பங்கு என்பது உண்மைதான். ஆனால் ஒரு லட்சத்துச் சொச்சம் ரேண்ட் குறைந்ததை வீட்டுக்கார ஆன்ட்டி தெரு முழுக்க டயருக்கும் அம்மாவுக்கும் மட்டுமே வரவு வைத்துவிட்டார்.

ஜன்னல் ஃபிலிமை அப்புறம் வெளியில் ஒட்டிக்கொண்டேன், பாதிக்கும் கீழே. இந்த ஊரில் அது இல்லாமல் சிக்னலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

காரை எடுக்கப் போன அன்று தம்பி எல்லாம் தயாராக வைத்திருந்தான். மேலே துணி போர்த்து, ரிப்பன் கட்டி, ஃபோட்டோவுக்கு ஆள் நிறுத்தி. அம்மா பையிலிருந்து கற்பூரமும் குங்குமமும் எடுப்பதற்குள் அவனே சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தான். ஆயா சொல்லிக் கொடுத்ததாம். நாலு சக்கரத்துக்கா, முன்னால் ரெண்டுக்கு மட்டுமா என்று அம்மாவிடம் பணிவாகக் கேட்டான். நாலுக்கும் வைத்தோம். டைல்ஸில் சாறு தெறித்ததை மேடம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறுக்குப் பொட்டலத்தை அவன் கையில் திணித்துவிட்டு, "அம்மாவுக்குக் குடு, முட்டிக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்லு" என்றாள் அம்மா. அவன் எங்களை வழியனுப்ப கேட் வரைக்கும் வந்தான். அங்கே ஓரமாக ஒரு பழைய நீல நிறக் கார் நின்றது, அவனுடையதுதான். நான் கவனிப்பதற்குள் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"0915. அடப் பாவி, பத்து வருஷத்து டயரு! இதுலயா தினமும் வேலைக்கு வர்றே?"

மொழிபெயர்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"இந்த வண்டியை உன் தலையில கட்டினவன் யாரு தம்பி?"

அவன் திரும்பி ஷோரூமைப் பார்த்தான்.

"நம்ம கடையிலதான், ஆன்ட்டி."