கரண்டியால் ஊற்றும் கோடு: களிமண் பலகையில் அரூப ஓவியம், மூன்று சுற்று

ஜப்பானின் மாஷிகோவில் வாழ்ந்த குயவர் ஹமதா ஷோஜி (1894–1978) பெரிய தட்டுகளின் மேல் கிளேஸை, அதாவது சுட்டதும் கண்ணாடி போலப் படியும் பூச்சை, கரண்டியால் சில நொடிகளில் வீசி ஊற்றிவிடுவார். அதே கைவீச்சைக் கிளேஸுக்குப் பதில் களிக்கூழில், அதாவது தண்ணீரில் கரைத்த களிமண்ணில், செய்து பார்த்தது இது. கூழ் என்றால் பச்சை மண்ணிலேயே ஓவியம் முடிந்துவிடும்.

பலகைகள் பன்னிரண்டு. அதிகச் சூட்டில் சுடும் வெள்ளை ஸ்டோன்வேர் மண், 20 செ.மீ. சதுரம், 8 மி.மீ. தடிமன். கூழும் அதே மண்தான். வேறு மண் என்றால் சுருக்கம் மாறி உரியக்கூடும். காய்ந்த மண் 1 கிலோவை 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடிகட்டினால் 100 மி.லி. கூழ் ஏறக்குறைய 144 கிராம் நிற்கும். ஊற்ற அதுவே பதம். காய்ந்த மண் 100 கிராமுக்கு, நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு 1.5 கிராம், பழுப்புக்குச் சிவப்பு இரும்பு ஆக்சைடு 8 கிராம். தூள் அளக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

முதல் சுற்று, நான்கு பலகை. காகிதத்தில் நன்றாக வந்த கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து ஊற்றியது. நான்கும் போயிற்று. பார்த்துச் செய்யும் கை இடையிடையே நிற்கும். நின்ற இடத்தில் கூழ் தேங்கும். ஓடிய இடம் 1 மி.மீ., தேங்கிய இடம் 3 மி.மீ. கூழில் நீர் அதிகம் என்பதால் பலகையைவிடக் கூடுதலாகச் சுருங்கி, தடித்த இடமெல்லாம் ஏரிச் சேறு போல வெடித்தது. கை தயங்கிய இடங்களை விரிசலை வைத்தே எண்ணிவிடலாம்.

இரண்டாம் சுற்றில் மாதிரியே இல்லை. செய்தித்தாளில் அதே கரண்டி, அதே கூழ், 30 தாள், தாளுக்குப் பத்து நொடி. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து வீச வேண்டும். கை பழகிய சூட்டோடு நேராகப் பலகைக்கு. நான்கில் மூன்று தேறின. நான்காவது ஏற்கெனவே வெளுத்துக் காய்ந்திருந்ததால் கூழ் செதில் செதிலாக உரிந்தது. நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. அந்தத் தோல்பதத்தில்தான் ஊற்ற வேண்டும்.

ஊற்றியதும் கூழ் எண்ணெய் தடவியது போல மினுங்கும். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி மினுக்கம் மங்கத் தொடங்கும். மூன்று நான்கு நிமிடம்தான். அதற்குள் விரலால் இழுத்தால் அடியிலுள்ள வெள்ளை வழுவழுப்பான விளிம்போடு தெரியும். மினுக்கம் போனபின் இழுத்தால் விளிம்பு பிசிறும். இந்த வேலையில் மிக அழகான நேரம் இதுதான். நிறத்தை நம்பவும் முடியாது: சுடாத நீலக் கூழ் வெறும் சாம்பல் நிறம். கோட்டின் கனம், விட்ட வெற்றிடம் இரண்டையும் வைத்தே எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்று கண் முடிவெடுக்கிறது.

மூன்றாம் சுற்று, இரண்டு நிறம். முதல் கூழின் மினுக்கம் அடங்கும் முன் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் கலந்து சகதியாகும். 60 மி.லி. கரண்டியில் இரண்டுக்கு மேல் போனால் பலகை ஊறி, தூக்கும்போது நடுவில் தொய்யும். ஒன்று அப்படித்தான் கிழிந்தது.

மேற்பரப்பு ஒட்டாத நிலைக்கு வந்ததும், செய்தித்தாள் சுற்றி இரண்டு ப்ளைவுட் பலகைக்கிடையே 7 நாள் காயவிட்டது. சூளையில் முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும் 573 டிகிரியை மெதுவாகக் கடக்க வேண்டும். பிறகு மெல்லிய ஒளிபுகும் கிளேஸ் பூசி, இரண்டாம் சூடு 1220 டிகிரி. 20 செ.மீ. பலகை 17.6 ஆக வந்தது. கிளேஸ் தடித்த ஒரு பலகையில் மட்டும் விரலால் இழுத்த தடங்கள் பால்படிந்து மறைந்தன. அடுத்த சுற்றுக்கு 40 செ.மீ. பலகை, 12 மி.மீ. தடிமன்.