மூன்றாவது போர்டில் பிரேக் பிடித்தது

நேற்று இரவு கம்ப்யூட்டரில் பழைய கார் ரேஸ் கேமான அசெட்டோ கோர்சாவைப் போட்டு, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்தில் அறுபதுகளின் ரேஸ் காரான லோட்டஸ் 49-ஐத் தொடர்ந்து மூன்று சுற்று ஓட்டினேன். மூன்றிலும் அரெம்பர்க் வளைவில் பிரேக் மிதித்ததும் முன் சக்கரம் லாக் ஆகி (சுழலாமல் நின்று) சறுக்கவில்லை. போன மாதம் இதே வளைவில் பத்துக்கு ஏழு முறை வேலியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தவன் நான். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எது கழன்று விழும் என்று சொல்ல முடியாது.

கேமுக்கு வைத்திருக்கும் பிரேக் பெடலில், எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, எவ்வளவு அழுத்தினோம் என்று அளக்கும் லோட் செல் போடுவது என்று தீபாவளிக்கு முன்பே முடிவெடுத்தாயிற்று. ஏன் லோட் செல் என்று இங்கே விளக்கப் போவதில்லை. ஸ்டீயரிங் வீல் வைத்துக் கேம் ஓட்டும் எல்லாரும் அந்த வாதத்தை ஆயிரம் முறை நடத்தி முடித்தவர்கள்தான். 50 கிலோ தாங்கும் ஒரு செல், செல்லின் சிக்னலை எண்ணாக மாற்ற ஒரு எச்எக்ஸ்711 போர்டு, அந்த எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ப்ரோ மைக்ரோ என்ற குட்டிக் கன்ட்ரோலர் ஒன்று. இரும்பு வேலையைக் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அரை நாளில் முடித்துக் கொடுத்தார். “ஏனுங்க தம்பி, இது எந்த வண்டிக்குங்க?” என்று கேட்டார். “கம்ப்யூட்டர்ல ஓட்டுற வண்டிக்குங்கண்ணா” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார். பாவம் என்று நினைத்திருப்பார்.

மாட்டினேன், மிதித்தேன், பிரேக் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. கால் தரையைத் தொட்டு, மனம் கடவுளை நினைத்து, அப்புறம்தான் கார் வேகம் குறைந்தது.

இங்கேதான் என் புத்தி கெட்டது. அந்த வாரம்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்த ஓர் எர்லி ஆக்சஸ் (முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு வரும்) கேமுக்குப் பெரிய அப்டேட் வந்திருந்தது. பெயர் வேண்டாம். அப்டேட்டுக்குப் பிறகு பிரேக் சரியில்லை என்று ஏற்கெனவே நாலு பேர் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி, காலையும் திரையையும் ஒன்றாகக் காட்டும் வீடியோவும் இணைத்து அனுப்பினேன். என் வாழ்நாளில் அலுவலக வேலைக்குக்கூட அவ்வளவு விளக்கமாக ரிப்போர்ட் எழுதியதில்லை. கூட ஓட்டும் நண்பன் ஒருவன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே வரி கேட்டான்: “பழைய கேம்ல போட்டுப் பாத்தியாடா?”

பார்க்கவில்லை. பார்த்தேன். 2014-இலேயே முழுமையாக வெளிவந்து, பத்து ஆண்டுகளாக எல்லாரும் ஓட்டித் தேய்த்த அசெட்டோ கோர்சாவிலும் அதே தாமதம். புகாரை வாபஸ் வாங்கினேன். அந்தக் கேமை உருவாக்குபவர் ஒருவர் பதிலுக்குக் கட்டைவிரல் மட்டும் உயர்த்திக் காட்டியிருந்தார். அதில் எவ்வளவு நக்கல் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் குற்றவாளி நான் காப்பி அடித்த நிரல். எச்எக்ஸ்711-க்கான லைப்ரரியோடு (ஆயத்த நிரல் தொகுப்பு) வரும் மாதிரியில் பத்து அளவுகளை எடுத்துச் சராசரி போடும் வரி ஒன்று இருக்கிறது. தராசுக்கு அது நல்லது, அரிசி எடை ஆடாமல் நிற்கும். ஆனால் இந்தப் போர்டு வாங்கும்போது நொடிக்கு 10 அளவுதான் எடுக்கும். பத்தின் சராசரி என்றால் ஒரு முழு நொடி. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 55 மீட்டர். அரெம்பர்க்குக்கு முன்னால் 55 மீட்டரைக் கடன் கொடுத்தால் வளைவு முடிந்தே போய்விடும்.

சராசரியை ஒன்றாக்கினேன். இப்போது ஓட்ட முடிந்தது, ஆனால் நன்றாக இல்லை. நொடிக்கு 10 என்றால் இரண்டு அளவுகளுக்கு நடுவே ஐந்தரை மீட்டர். காலை மெல்ல எடுக்கும்போது பிரேக் படிக்கட்டு இறங்குவது போல் விட்டுவிட்டுக் குறைந்தது. லோட்டஸ் 49-இல் ஏபிஎஸ் கிடையாது, டயரும் சோப்புக்கட்டி மாதிரி. ஒரு படி பிந்தினாலும் சக்கரம் லாக்.

அந்தப் போர்டில் இருக்கும் சிப்பையே நொடிக்கு 80 அளவுக்கு மாற்றலாம். சிப்பின் 15-ஆவது கால்தான் (பின்) வேகத்தைத் தீர்மானிப்பது. அதைத் தரையோடு (கிரவுண்ட்) இணைத்தால் 10, மின்னழுத்தத்தோடு இணைத்தால் 80. மலிவுப் போர்டுகளில் தரையோடு இணைத்தே வருகிறது. அந்தக் காலைப் போர்டிலிருந்து நெம்பி எடுத்து, பக்கத்திலேயே இருக்கும் 16-ஆவது காலோடு பற்றவைக்க வேண்டும். கேட்கச் சுலபம். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே 1.27 மி.மீ.

முதல் போர்டில் பற்றவைப்புக்கு உதவும் ஃப்ளக்ஸ் தடவாமல், சூடு ஏறும் முன்பே குண்டூசியால் நெம்பினேன். கால் முறிந்து கையோடு வந்தது. வாசிக்கும் கண்ணாடியைப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில் அது தேவையில்லை என்று வீட்டில் ஒரு நிலைப்பாடு எடுத்திருந்தேன்.

இரண்டாவது போர்டில் கால் அழகாக நிமிர்ந்தது, பக்கத்துக் காலோடு ஒட்டியும் ஆயிற்று. மிதித்தேன், பூஜ்யம். ஏறி நின்றேன், பூஜ்யம். இரண்டு இரவு நிரலைத் தோண்டினேன், ஒயரை மாற்றினேன், செல்லே செத்துவிட்டது என்று புதுச் செல் ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது: சிப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். தலைகீழாக எண்ணினால் 15-ஆவது காலின் இடத்தில் இருப்பது 7. அது லோட் செல்லின் சிக்னல் நுழையும் வழி. பக்கத்தில் 8, அதே சிக்னலின் மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டு வித்தியாசத்தைக் கேட்டால் பூஜ்யம்தானே வரும்? சிப்பின் மேல் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், முதல் கால் அதன் பக்கம். அதைப் பார்க்கவும் கண்ணாடி வேண்டும்.

மூன்றாவது போர்டு, கண்ணாடியோடு. ஃப்ளக்ஸ், மெல்லிய முனை, சூடாக்கிக்கொண்டே நெம்பல். பத்து நிமிட வேலை. 80-இல் ஒவ்வோர் அளவுக்கும் 12.5 மில்லி நொடி. 200 கி.மீ. வேகத்தில் அது 70 செ.மீ.தான். நாய்ஸ் (எண்களின் நடுக்கம்) கொஞ்சம் கூடும், அந்தச் சிப்பின் சுபாவம் அப்படி. செல்லின் ஒயர்களை முறுக்கிக் குட்டையாக்கி, நிரலில் துளி டெட்ஸோன் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வைத்ததும் அடங்கிவிட்டது.

அப்புறம் ரப்பர். லோட் செல் இம்மியும் நகராது, அதனால் காலுக்குக் கொஞ்சம் அசைவு கொடுக்க நடுவே எதையாவது வைத்தாக வேண்டும். பாதி டென்னிஸ் பந்து வைக்கும் வழக்கம் எல்லாருக்கும் தெரியும், ஒரு வாரத்தில் சப்பிப்போகும். நம் ஊரில் மோட்டார் பம்புக்குப் பஞ்சமில்லை என்பதால் பேரிங் கடையில் போய் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் லவ்ஜாய் கப்ளிங்கின் ரப்பர் கேட்டேன். நட்சத்திர வடிவத்தில் வந்தது, உட்காரவில்லை. கடைக்காரரே பிரஸ் டூலில் போடும் பியூ (பாலியூரித்தேன்) புஷ் எடுத்துக் கொடுத்தார், ஒன்றின் கடினம் ஷோர் 60, இன்னொன்று 90. மெதுவானது முதலில் அமுங்கும், அப்புறம் கெட்டியானது கல் மாதிரி நிற்கும். இதே சாமான் வெளிநாட்டு சிம் கடைகளில் கலர் கலராகப் பொட்டலம் கட்டி வருகிறது. விலையைப் பார்த்தால் பம்பையே வாங்கிவிடலாம்.

பிரேக்கை எப்படி விடுவது என்பதைக் கேமில் கற்றுக்கொண்டதைவிட வேலி ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே எனக்கு முக்கால் மணி நேரத் தூரம். 2.1 கி.மீ. நீளமுள்ள தடம். அங்கே நின்று கவனித்தால் நல்ல ஓட்டுநர் முதலிலேயே முழுசாக மிதித்துவிட்டு, வளைவுக்குள் போகப் போகக் காலை விடுவது காரின் மூக்கு எழும்புவதிலேயே தெரியும். எனக்கு நேர் எதிர்ப் பழக்கம். தயங்கித் தொட்டு, பயந்து அழுத்தி, வளைவுக்குள் முழு மிதி. அரெம்பர்க்கில் அதற்குத்தான் தண்டனை. ஸ்வேடன்க்ராய்ஸ் மேட்டை உச்ச வேகத்தில் தாண்டி வந்த உடனே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

சரி, எர்லி ஆக்சஸ். ஒரு மாதம் அரைகுறைப் பெடலோடும் அரைகுறைக் கேம்களோடும் மல்லுக்கட்டியதில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. ரேஸிங் கேமில் சரக்கு குறைவாக இருக்கலாம், கார் போகும் விதம் அரைகுறையாக இருக்கக் கூடாது. 2015 ஏப்ரலில் டர்ட் ராலி எர்லி ஆக்சஸாக வந்தபோது வேல்ஸ், கிரீஸ், மான்டே கார்லோ என மூன்றே இடம்தான். ஆனால் சரளைக் கல்லில் கார் சறுக்கும் உணர்வு முதல் நாளே பிடிபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் முழுமையான போது சாலைகளும் கார்களும் கூடின, கை பழகியது வீண் போகவில்லை. மற்ற வகைக் கேமில் துப்பாக்கியின் பலத்தை மாற்றினால் நாலு நாள் திட்டுவோம், அவ்வளவுதான். இங்கே டயரையோ பிரேக்கையோ மாற்றினால் முந்நூறு மணி நேரம் கால் கற்றதைக் கால் மறக்க வேண்டும்.

பீம்என்ஜி வேறு ரகம். 2015-இல் ஸ்டீமுக்கு வந்தது, இன்னும் எர்லி ஆக்சஸ். பூச்சு வேலை முடியாத வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்ட குடும்பம் அது. அங்கே நான் ஒருமுறைகூட முணுமுணுத்ததில்லை. காரின் உடல் வளைவதையும் நசுங்குவதையும் நொடிக்கு 2000 முறை கணக்கிடும் கேம் அது, பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது வரை வைத்திருக்கிறார்கள். ஹிரோச்சி தடத்தில் பழைய கோவெட் காரை எடுத்துப் பத்துச் சுற்று பிரேக்கை வதைத்தபோதுதான் என் புதுப் பெடலின் பலகையே வளைகிறது என்று கண்டுபிடித்தேன். கார் நன்றாக நின்றது, என் நாற்காலிதான் பின்னால் நகர்ந்தது.

கார்களை மோதவிட்டு ஓட்டும் ரெக்ஃபெஸ்ட் 2014 ஜனவரியில் எர்லி ஆக்சஸாக ஆரம்பித்து 2018 ஜூனில் முழுமையானது. அதையும் பாதியில் வாங்கியவன்தான், இடித்துக்கொள்ளும் சுகம் அன்றைக்கே இருந்தது. 2025 ஜனவரியில் அசெட்டோ கோர்சா ஈவோ 5 தடம், 20 காரோடு எர்லி ஆக்சஸில் வந்தபோது முதல் நாளே வாங்கினேன். அந்த ஐந்தில் சுசுகாவும் பாத்தர்ஸ்டின் மவுண்ட் பனோரமாவும் இருந்தன, எனக்கு அதுவே போதும். இனி என்னென்ன வரும் என்று காட்டும் ரோட்மேப் படத்தை மட்டும் பார்த்துக் காசு கட்டுவது எனக்கு ஒத்துவராது. அது பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே மொய் எழுதுவது மாதிரி. 

புகார் வாபஸ் வாங்கினேன் அல்லவா, அந்தக் கேமுக்குப் போன வாரம் திரும்பப் போனேன். மூன்றாவது போர்டு, பியூ புஷ், எல்லாம் தயார். மிதித்த முதல் அங்குலத்திலேயே சக்கரம் லாக். இந்த முறை வாயைத் திறக்காமல் பழைய அசெட்டோ கோர்சாவில் போட்டுப் பார்த்தேன், கச்சிதம். ப்ரோ மைக்ரோ அனுப்பும் எண்களைப் பார்த்தேன், கச்சிதம். கேமின் அமைப்புகளுக்குள் போனால், அப்டேட் என் பிரேக் காமாவை (மிதிக்கும் அளவுக்கு எவ்வளவு பிரேக் என்ற கணக்கு) தூக்கி எறிந்துவிட்டுச் சொந்தமாக ஒன்றை வைத்திருந்தது. ஆக, ஆரம்பத்தில் புலம்பிய அந்த நாலு பேர் சொன்னது உண்மைதான். நான் சொன்னதுதான் பொய். இப்போது உண்மையான காரணத்தோடு இன்னொரு புகார் எழுதலாம், ஆனால் என் பெயரைப் பார்த்தாலே அங்கே சிரிப்பார்கள் என்று நண்பனை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நேற்றைய மூன்று சுற்றில் சிறந்தது 8 நிமிடம் 41 நொடி. 20.8 கி.மீ.க்குச் சராசரி மணிக்கு 144 கி.மீ. பெருமையாகத்தான் இருந்தது, ஃபார்முலா ஒன் சாம்பியன் ஜிம் கிளார்க்கின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை. 1967 ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸுக்கு அவர் இதே லோட்டஸ் 49-இல் தகுதிச் சுற்று ஓடிய நேரம் 8 நிமிடம் 4.1 நொடி. அன்றைக்குத் தடம் 22.8 கி.மீ., இன்றையதைவிட இரண்டு கி.மீ. நீளம். சராசரி மணிக்குக் கிட்டத்தட்ட 170 கி.மீ. வேலி, மரம் எல்லாம் நிஜம், எஸ்கேப் பட்டனும் கிடையாது.

பெடல் பலகையை இன்னும் சரி செய்யவில்லை. முக்கால் அங்குல ப்ளைவுட் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் ராலிக்கு ஹேண்ட்பிரேக் ஆசை வந்துவிட்டது. செல்லே செத்துவிட்டது என்று ஆர்டர் போட்ட அந்தப் புதுச் செல் சும்மாதானே கிடக்கிறது? லேத் அண்ணனிடம் அளவு கொடுத்தாயிற்று. “இதுவும் அதே வண்டிக்குங்களா?” என்றார். நான்காவது போர்டும் வந்துவிட்டது, மேசையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புள்ளி இருக்கும் மூலையில் மட்டும் சிவப்பு மையால் ஒரு குறி வைத்திருக்கிறேன்.