அடிக்கணக்கும் படிக்கணக்கும்

எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது அணை நிலவரத்தைத்தான். கம்பத்துக்காரர்களுக்கு அது ராசிபலன் மாதிரி. பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி என்று தெரியாமல் காப்பி இறங்காது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பெரியாற்றுக்கு 136 அடிதான் கணக்கு. 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அது 142 ஆனது. அன்றைக்கு வீட்டில் ஒரே சந்தோஷம். ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால்தான் எங்கள் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரிலும் முதல் போக நடவு தொடங்கும். எனக்குத் தெரிந்த தண்ணீர்க் கணக்கெல்லாம் இப்படி அடியில்தான்.

அந்தக் கணக்கு செல்லாத ஊருக்கு நவம்பர் கடைசியில் போனேன்.

மதுரையிலிருந்து காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் சீட். மேலூர் வரைக்கும் பெரியாற்றுத் தண்ணீர் கூடவே வருகிறது: கால்வாய், நாற்றங்கால், வரப்பில் கொக்கு. அதைத் தாண்டியதும் மண் சிவந்துகொண்டே போகிறது. பெரியாற்றுக் கால்வாய் சிவகங்கைப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஷீல்டு, லெசிஸ், நாற்பத்தெட்டாவது மடை என்று வினோதமான பெயர்கள் அதன் கிளைகளுக்கு. ஆனால் செட்டிநாட்டுக்கு அது வந்து சேர்வதில்லை. இங்கே மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடுகிற ஆறுகள். மற்ற நாளில் மணல்தான்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி பற்றியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். நான் பார்த்தது கூரையை. நாலு பக்க ஓட்டுச் சரிவும் நடு முற்றத்தைப் பார்த்தே இறங்குகிறது. விழுகிற மழை ஒரு சொட்டு வெளியே போகாது. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க அரசாங்கத்துக்கு 2003 வரை ஆனது. இந்தக் கொத்தனார்கள் அதற்கு நூறு வருஷம் முந்திக்கொண்டார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி சொன்னார்: "மழை வந்தா நாலு மூலையிலயும் அண்டாவை வச்சிருவோம் தம்பி. மிஞ்சுறது வடிகால் வழியா ஊருணிக்குப் போயிரும்."

"ஊருணியில இப்ப எவ்வளவு இருக்கு ஆச்சி?"

"பதினோரு படி தெரியுது."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பதினோரு படி தண்ணீரா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். தண்ணீருக்கு மேலே தெரிகிற படிகளைத்தான் எண்ணியிருக்கிறார்! அணையில் எண் ஏறினால் நல்லது, ஆச்சிக்கு எண் குறைந்தால் நல்லது. ஒரு நல்ல ஐப்பசியில் நாலே படி தெரிந்ததாம். மேல்படி நனைந்த வருஷத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

ஊருணிக்குச் செம்புறாங்கல் படிகள், சுற்றிலும் சுவர். குடிக்கிற தண்ணீர் என்பதால் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, காலைக்கூட நனைக்கக் கூடாது. குழாய் வந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. நானும் செருப்பை மேலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்கினேன். இப்போது இந்த மாவட்டத்தின் பல ஊர்களுக்குத் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குடிநீர் வருகிறது. ஆக, மேட்டூரின் 120 அடியும் இங்கே யாரோ வீட்டுக் கணக்கு இல்லை. காரைக்குடிக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள், தங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் போல உண்டா என்று அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார்கள். நான் தங்கிய விடுதிக் குழாயில் வந்தது என்னவோ உப்புத் தண்ணீர்தான்.

மறுநாள் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி. 1977இலிருந்து பறவைகள் சரணாலயம், ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அது கண்மாய்தான். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இவற்றுக்காகவே கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. டீக்கடைக்கார அண்ணன் சொன்ன கணக்கு எளிமையானது: மரத்தின் தூர் முங்கினால் பறவை தங்கும். தூர் வெளியே தெரிந்தால் நாயும் கீரியும் வரும், பறவை வராது. அப்புறம் கண்மாய்க்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள், மடை ஷட்டர் எத்தனை நாளாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது, நிறைந்து மிஞ்சியது வழிகிற கலுங்கு கடைசியாக எப்போது பாய்ந்தது என்று பேச்சு நீண்டது. டீ ஆறிப்போனது.

"வானம் ஏமாத்தினா பொறுத்துக்கலாம்ணே. பெஞ்ச மழை உள்ள வரலேன்னாதான் வயித்தெரிச்சல்" என்றார் டீக்கடைக்காரர்.

சாயங்காலம் மறுபடி ஊருணிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா போன் செய்தார். ஊர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டார்.

"அங்கிட்டுத் தண்ணி எப்படிடா?"

"பதினோரு படி தெரியுதுப்பா."

"படியா? ஒரு படி எத்தனை அடி?"

இறங்கிப்போய்க் கையை விரித்து அளந்தேன். ஒரு சாண் இருந்தது.

"முக்கால் அடி," என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எட்டே கால் அடி. ஏன்டா, ரெண்டு நல்ல மழை போதுமே?"

"வரத்துக்கால் சரியா இருந்தாப் போதும்ப்பா."

"அது எப்படி இருக்கு?"

நாளைக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.